தன் மூச்சையே சோதனைக்கு வைத்தவர் – ஜே.பி.எஸ். ஹால்டேன்

காமயகவுண்டன்பட்டியிலிருந்து சுருளிப்பட்டி போகிற வழியில் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் பார்த்துக்கொண்டே போகலாம். தோப்புக்குத் தோப்பு ஒரு கிணறு இருக்கும். ரொம்ப நாள் ஆள் இறங்காத கிணற்றில் தூர் வார வேண்டுமென்றால், முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டுப் பார்ப்பது பெரியவர்கள் வழக்கம். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. இந்த ஒரு வழக்கத்தை அலட்சியம் செய்ததால் போன உயிர்கள் எத்தனை! முதலில் ஒருவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போன தம்பி விழுவார், தம்பியைத் தூக்கப் போன மச்சான் விழுவார். விஷவாயு தாக்கி இத்தனை பேர் பலி என்று மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும்.

காற்று எப்போது உயிர் கொடுக்கும், எப்போது உயிர் வாங்கும்? இந்தக் கேள்விக்காகத் தன் சொந்த நுரையீரலையே பரிசோதனைக்கூடம் ஆக்கிக்கொண்ட ஒரு மனிதரை நம் மலர் வாசகர்களுக்கு அறிமுகம் செய்யலாம் என்று ஆசை. விலங்கியல் படித்தவர்களுக்கு இவர் பெயர் பழக்கம்தான். பரிணாமம், மரபியல் பாடங்களில் ஹால்டேன் என்ற பெயர் வந்து வந்து போகும். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த ஆளைப் பற்றி வகுப்பில் யாரும் அதிகம் சொல்லுவதில்லை. அவர் இந்தியக் குடிமகனாகத்தான் இறந்தார் என்பதும் பலருக்குத் தெரியாது.

அப்பாவே ஆசான்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892 நவம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் பெரிய உடலியல் அறிஞர். சுரங்கம், சாக்கடை, நீர்மூழ்கி என்று எங்கெல்லாம் மனிதனுக்கு மூச்சு முட்டுமோ அங்கெல்லாம் போய்க் காற்றைப் பிடித்து ஆராய்ந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்தால் தொழிலாளிகள் பெரும்பாலும் வெடியால் சாவதில்லை, அதன் பிறகு பரவும் கார்பன் மோனாக்ஸைடால்தான் சாகிறார்கள் என்று 1896இல் எடுத்துக்காட்டினார். அந்த வாயுவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கச் சின்னக் குருவியைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். மனிதனை விடக் குருவிக்கு மூச்சு வேகம், அதனால் அது முதலில் மயங்கி விழும்.

மூச்சுப் பரிசோதனை என்பதற்கே ஒரு ஒழுங்கான வழியை வகுத்தவரும் இந்த அப்பாதான். 1905இல் பிரீஸ்ட்லி என்பவரோடு சேர்ந்து அவர் செய்தது பார்க்க ரொம்பச் சாதாரணம். ஒரு நீளமான ரப்பர் குழாயில் ஆளை முழு மூச்சையும் ஊதச் சொன்னார். ஊதி முடிந்ததும் நாக்கால் குழாயின் வாயை அடைக்கச் சொன்னார். குழாயில் கடைசியாக நிற்பது நுரையீரலின் அடி ஆழத்துக் காற்றுதானே? அதை எடுத்து அளந்து பார்த்தால் கரியமில வாயு சுமார் 5.6 சதவீதம். வெளிக் காற்றில் அது ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நம்மை மூச்சு விடச் சொல்லித் தூண்டுவது பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவு அல்ல, இந்தக் கரியமில வாயு சேருவதுதான் என்பது இப்படித்தான் தெரிய வந்தது.

இந்த அப்பாவுக்கு மகன்தான் உதவியாளர், சில நேரம் சோதனைப் பொருளும்கூட. சிறுவனாக இருந்தபோது ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு சுரங்கத்துக்குக் கூட்டிப் போனார். ஓர் இடத்தில் பையனை எழுந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மார்க் ஆண்டனி பேசும் வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். கொஞ்சம் சொல்வதற்குள் பையனுக்கு மூச்சு வாங்கியது, கால் தள்ளாடியது, தரையில் சாய்ந்தான். சாய்ந்ததும் மயக்கம் தெளிந்துவிட்டது! மீத்தேன் வாயு காற்றை விட லேசானது, கூரையை ஒட்டி நிற்கும், தரையில் நல்ல காற்று இருக்கும் என்பதே அன்றைய பாடம். பையன் அதை ஆயுளுக்கும் மறக்கவில்லை.

இங்கே நம் கிணற்றையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். கிணற்றில் தேங்குவது பெரும்பாலும் கரியமில வாயு. அது காற்றை விடக் கனம், அடியில்தான் கிடக்கும். சுரங்கத்தில் கீழே விழுந்த பையன் பிழைத்தான். கிணற்றில் கீழே விழுந்தவன் வாயுவுக்குள்ளேயே விழுகிறான். ஒரே மயக்கம்தான், ஆனால் எந்த வாயு என்று தெரியாவிட்டால் தப்பிக்கிற வழியே தலைகீழாகிவிடும்.

அடுத்தது கடல். ஆழத்தில் வேலை செய்துவிட்டு வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகிக் கை காலை முடக்கிவிடும். சோடா பாட்டிலைத் திறந்தால் நுரைக்கிறதே, அதே கதைதான். ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று நின்று மேலே வர வேண்டும் என்று அப்பா ஹால்டேன் ஒரு அட்டவணை போட்டார். 1908இல் வெளியான அந்த அட்டவணைதான் பிற்கால முக்குளிப்பு அட்டவணைகளுக்கெல்லாம் முன்னோடி. அந்த ஆராய்ச்சிக்காக 1906இல் ஸ்காட்லாந்துக் கடலில் முக்குளித்தவர்களில் 13 வயது மகனும் ஒருவர். பெரியவர்களுக்குத் தைத்த உடுப்பு, மணிக்கட்டு வழியே தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே வந்தது. பையன் பயப்படாமல் வேலையை முடித்துவிட்டுத்தான் மேலே வந்தான்.

நம் தூத்துக்குடிப் பக்கம் முத்தும் சங்கும் குளித்தவர்கள் மூச்சை அடக்கி இறங்கி, ஓரிரு நிமிடத்தில் மேலே வருவார்கள். மேலே இழுத்த ஒரு மூச்சுதான் அவர்களுக்கு மூலதனம். குழாய் வழியே அழுத்தக் காற்றை வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் கீழே இருப்பவனுக்குத்தான் இந்தக் குமிழ் ஆபத்து அதிகம்.

விஞ்ஞானப் பட்டம் இல்லாத விஞ்ஞானி

ஆக்ஸ்ஃபோர்டில் ஹால்டேன் கணிதத்திலும், பிறகு கிரேக்க லத்தீன் இலக்கியத்திலும் முதல் வகுப்பு வாங்கினார். விஞ்ஞானத்தில் பட்டமே வாங்கவில்லை! கலைப்பிரிவு மாணவர்கள் இதைக் கொஞ்சம் பெருமையோடு படிக்கலாம்.

1914இல் முதல் உலகப் போர் வந்தது. ராணுவ அதிகாரியாக பிரான்ஸ் போனார். 1915 ஏப்ரலில் ஈப்ரே போர்முனையில் ஜெர்மானியர் குளோரின் வாயுவை அவிழ்த்துவிட்டபோது, அரசாங்கம் அப்பாவைக் கூப்பிட்டது. அப்பா மகனைக் கூப்பிட்டார். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் குளோரினை நிரப்பி, உள்ளே மாறி மாறிப் போய், முகமூடி போட்டும் போடாமலும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது என்று பார்த்தார்கள். அதே இளைப்போடு போர்முனைக்குத் திரும்பி, அந்த மே மாதத்திலேயே குண்டுக்காயமும் பட்டார். பின்னர் மெசபடோமியாவில் மறுபடி காயம்பட்டு 1917இல் சிகிச்சைக்காக இந்தியா வந்தார். இந்த நாடு அவருக்கு அப்போதே பிடித்துவிட்டது.

போருக்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு, 1923 முதல் கேம்பிரிட்ஜ், 1933 முதல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் என்று ஆசிரியப் பணி. இயற்கைத் தேர்வு எவ்வளவு வேகத்தில் வேலை செய்யும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஃபிஷர், சூவல் ரைட், ஹால்டேன் ஆகிய மூவரும்தான் டார்வினையும் மெண்டலையும் கணிதத்தால் இணைத்தவர்கள். 1929இல் உயிரின் தோற்றம் பற்றி எழுதினார். மலேரியா மிகுந்த பகுதிகளில் சில ரத்த நோய்கள் ஏன் அதிகம் என்பதற்கு 1949இல் அவர் சொன்ன காரணம் பின்னர் உறுதிப்பட்டது. அந்த ரத்தக் குறை ஒரு பங்கு இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பு கிடைக்கிறது என்பதே அது.

இந்தக் காலத்திலும் தன் உடம்பை அவர் சும்மா விடவில்லை. ரத்தத்தின் அமிலத்தன்மை மாறினால் மூச்சு எப்படி மாறும் என்று பார்க்க அம்மோனியம் குளோரைடு கரைசலைக் குடித்து, நாள்கணக்கில் மூச்சிரைத்துக் கிடந்தார். முயலிடம் கேட்டால் தலைவலிக்கிறதா என்று அது சொல்லுமா? மனிதன் சொல்லுவான். அதுதான் அவருடைய நியாயம்.

தீட்டிஸ் கப்பலும் இரும்பு அறையும்

1939 ஜூன் 1ஆம் தேதி லிவர்பூல் வளைகுடாவில் தீட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் வெள்ளோட்டத்தின்போது மூழ்கியது. நாலு பேர் தப்பினார்கள், 99 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் பலர் கப்பல் கட்டிய தொழிலாளிகள். தொழிற்சங்கங்கள் ஹால்டேனிடம் வந்து காரணம் கண்டுபிடித்துத் தரக் கேட்டன. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய நாலு தோழர்களோடு அவர் ஒரு இரும்பு அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். தாங்களே விட்ட மூச்சில் கரியமில வாயு ஏற ஏற, தலைவலி, வாந்தி, இளைப்பு எல்லாம் வந்தது. அத்தனையையும் குறித்துக்கொண்டார்கள். தீட்டிஸ் உள்ளே என்ன நடந்திருக்கும் என்பது விளங்கியது.

அதன் பிறகு கடற்படையே அவரைத் தேடி வந்தது. போர்க்காலம் முழுக்க அவரும், உடன் ஆராய்ந்து பின்னாளில் மனைவியான ஹெலன் ஸ்பர்வேயும், மார்ட்டின் கேஸ் போன்ற சகாக்களும் மாறி மாறி அழுத்த அறைக்குள் போனார்கள். 10 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் சாதாரணக் காற்றை இழுத்தால் ஆள் குடித்தவன் மாதிரி ஆகிவிடுகிறான். சின்னப் பெருக்கல் கணக்கில்கூடத் தப்பு வருகிறது. பனிக்கட்டித் தண்ணீரில் கிடந்தும் பார்த்தார்கள். ஆக்ஸிஜன் வாசனையற்றது, சுவையற்றது என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆறேழு மடங்கு அழுத்தத்தில் அதற்கு ஒரு சுவை உண்டு என்று நாக்கால் கண்டு சொன்னவர் இவர்.

சுத்த ஆக்ஸிஜன்தான் உள்ளதிலேயே பெரிய ஆபத்தாக இருந்தது. உயிர்க்காற்று என்று நாம் கொண்டாடும் அதே வாயு, அழுத்தம் கூடினால் சில நிமிடங்களில் வலிப்பு உண்டாக்கும். அப்படி வந்த ஒரு வலிப்பில் ஹால்டேனின் முதுகெலும்பு நசுங்கியது, வலி கடைசிவரை போகவில்லை. இன்னொரு முறை செவிப்பறை கிழிந்தது. சுருட்டுப் புகையை அந்தக் காது வழியே விட்டுக் காட்டி நண்பர்களைச் சிரிக்க வைப்பாராம். இவர்கள் கண்ட கணக்குகள் கடலுக்கடியில் இறங்கிய கடற்படை வீரர்களுக்குப் பயன்பட்டன.

ஆக்ஸிஜனும் நுரையீரலும்

நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அழுத்த ஆக்ஸிஜனால் இரண்டு விதமான கெடுதல் உண்டு. மூளையைத் தாக்கி வலிப்பு வருவது ஒன்று. இதை 1878இலேயே பிரெஞ்சு அறிஞர் பால் பேர் சொல்லிவிட்டார். நுரையீரலைத் தாக்குவது இன்னொன்று. இதை 1899இல் காட்டிய லோரெய்ன் ஸ்மித், அப்பா ஹால்டேனின் சகா. அரை வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஆக்ஸிஜனை நீண்ட நேரம் இழுத்தால் நுரையீரலின் காற்றுப்பைகள் மெல்ல அழற்சி அடையும். நெஞ்சில் எரிச்சல், வறட்டு இருமல், ஆழமாக மூச்சு இழுக்க முடியாமை எல்லாம் வரும். வலிப்பு திடீரென்று வரும். இது சத்தமில்லாமல் வரும்.

இன்று இதே அழுத்த ஆக்ஸிஜனே மருந்தாகிவிட்டது. ஆறாத சர்க்கரை நோய்ப் புண், கார்பன் மோனாக்ஸைடு நச்சு, கதிர்வீச்சுச் சிகிச்சையால் வந்த புண், முக்குளிப்போர் முடக்கம் ஆகியவற்றுக்கு நோயாளியை அழுத்த அறையில் வைத்து, இரண்டு இரண்டரை மடங்கு அழுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் போல ஆக்ஸிஜன் கொடுக்கிறார்கள். நடுநடுவே சில நிமிடம் சாதாரணக் காற்றுக்கு மாற்றுவார்கள். அந்த இடைவேளை நுரையீரலுக்கும் மூளைக்கும் ஓய்வு. எத்தனை அழுத்தத்தில் எத்தனை நிமிடம் என்ற கணக்குக்கெல்லாம் அடிப்படை, அந்த நாளில் இரும்பு அறையில் வலிப்பு கண்டவர்களின் குறிப்புகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களின் குறிப்புகளும்தான்.

நுரையீரல் கெட ஆரம்பித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழைய வழி, முழு மூச்சு இழுத்து ஒரு கருவியில் ஊதச் சொல்வது. ஊதும் அளவு குறைந்தால் கெடுதல் தொடங்கியிருக்கிறது என்று பொருள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லாம்பர்ட்சன் குழுவினர் இந்த அளவை வைத்தே ஆக்ஸிஜன் நஞ்சைக் கூட்டிக் கணக்கிட வழி செய்தார்கள். ஆனால் ஊதும் அளவு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். நன்றாகக் கெட்ட பிறகுதான் தெளிவாகவும் தெரியும். அதனால் இப்போது வெளிவிடும் மூச்சிலுள்ள பொருள்களையே அளந்து பார்க்கிறார்கள். அழுத்த ஆக்ஸிஜனுக்குப் பிறகு மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்ஸைடு குறைகிறது என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நுரையீரலின் கொழுப்புப் பொருள் ஆக்ஸிஜனால் சிதைந்து உண்டாகும் ஆவிப் பொருள்களையும் தேடுகிறார்கள். இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது, மருத்துவமனையில் அன்றாடச் சோதனையாக ஆகவில்லை. ஆனால் யோசனை என்னவோ 1905இன் அந்த ரப்பர் குழாய் யோசனைதான். உள்ளே நடப்பதை மூச்சு வெளியே வந்து சொல்லும்.

ஒரு கறுப்புப் புள்ளி

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது குறையை மறைத்துவிட்டுப் போவது நமக்கு வழக்கம். ஹால்டேன் விஷயத்தில் அப்படிச் செய்தால் அவருக்கே பிடிக்காது என்று நினைக்கிறேன். அவர் 1942இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். தொழிலாளர் பத்திரிகையான டெய்லி ஒர்க்கரில் சாதாரண மக்களுக்குப் புரியும்படி நூற்றுக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மரபியலையே பொய் என்று சொல்லி, உண்மையான மரபியலாளர்களை ஒழித்துக்கட்டினார். 1928இல் ஹால்டேனை அந்நாட்டுக்கு அழைத்த வவிலோவ் 1943இல் சிறையிலேயே இறந்தார். உலகத்தின் முதல்தர மரபியலாளர்களில் ஒருவரான ஹால்டேன் அப்போது உரக்கப் பேசியிருக்க வேண்டும். மழுப்பினார். 1950 வாக்கில் கட்சியை விட்டு விலகினாலும் அந்த மௌனம் அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது. நச்சு வாயுவுக்குள் தயங்காமல் போனவர், தன் கட்சிக்காரர்களிடம் உண்மையைச் சொல்லத் தயங்கினார். எந்தத் தைரியம் கடினம் என்று மாணவர்கள் யோசிக்கட்டும்.

வேட்டி கட்டிய ஹால்டேன்

1956இல் பிரிட்டன் சூயஸ் மீது படையெடுத்ததைக் கண்டித்தும், இந்தியாவின் மேல் இருந்த பிரியத்தாலும், 1957இல் கல்கத்தா வந்து மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். வேட்டி ஜிப்பா, சைவச் சாப்பாடு. 1961இல் இந்தியக் குடிமகன் ஆனார். அதே ஆண்டு நிறுவனத்தில் மனக்கசப்பு ஏற்பட்டு வெளியேறி, 1962இல் ஒரிசா அரசு அழைக்கப் புவனேஸ்வரம் போய் மரபியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்.

கருவி இல்லை, பணம் இல்லை என்று அழும் இந்திய மாணவர்களுக்கு அவர் காட்டிய வழி ரொம்ப எளிது. கண்ணும் கணக்கும் போதும் என்பதே அது. எஸ்.கே. ராய் பவளமல்லிப் பூவின் இதழ்களை எண்ணினார். ஜெயகர் ஆள்காட்டிக் குருவி கூடு கட்டி முட்டையிடுவதைப் பார்த்து எழுதினார். டி.ஏ. டேவிஸ் தென்னை மரங்களை எண்ணினார். தென்னையில் மட்டை சுற்றி வரும் திசை சில மரத்தில் இடஞ்சுழி, சில மரத்தில் வலஞ்சுழி. இடஞ்சுழி மரங்கள் சற்றுக் கூடுதலாகக் காய்க்கின்றன என்று அவர் கணக்குச் சொன்னது. நம் பள்ளத்தாக்கில் தென்னைக்கா பஞ்சம்? நம் தாவரவியல் மாணவர்கள் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனால் இந்தக் கணக்கை இங்கேயே சரிபார்க்கலாம். செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான்.

கடைசிப் பாடம்

1963 கடைசியில் மலக்குடலில் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சைக்குப் படுத்த இடத்தில் அதைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். சந்தேகம் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள் என்பதே அதன் சாரம். 1964 டிசம்பர் 1ஆம் தேதி புவனேஸ்வரத்தில் காலமானார், வயது 72. அவர் விருப்பப்படி உடல் ஆந்திராவில் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. உயிரோடு இருந்தவரை ஆராய்ச்சிக்குக் கொடுத்த உடம்பை, போன பிறகு மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியில் படித்தவர்கள் இன்று ஊருக்கு ஊர் ஆசிரியராகவும் விவசாயியாகவும் பஞ்சாயத்து உறுப்பினராகவும் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் யாராவது கிணற்றிலோ தொட்டியிலோ இறங்கப்போகிறார்கள் என்றால் நாலு விஷயம் சொல்லுங்கள். கிணற்றில் விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது. விளக்கு எரிந்தாலும் முழு நம்பிக்கை வேண்டாம், ஏனென்றால் கிணற்றுக்குள் டீசல் இன்ஜின் ஓடிய கார்பன் மோனாக்ஸைடை விளக்கு காட்டாது. கழிவுநீர்த் தொட்டிக்குள் விளக்கைக் கொண்டுபோகவே கூடாது, மீத்தேன் வெடிக்கும். அந்த வேலைக்கு மனிதனை இறக்குவதே சட்டப்படி குற்றம். விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் வெறும் மூச்சோடு குதிக்கக் கூடாது, தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட வேண்டும்.

ஹால்டேன் இரும்பு அறைக்குள் போனபோது என்ன வாயு, எவ்வளவு அழுத்தம், எத்தனை நிமிடம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். வெளியே ஒருவர் கடிகாரத்தோடு நின்றார். தெரிந்து ஏற்கும் ஆபத்து அது. தெரியாமல் இறங்கும் நம் ஊர்த் தொழிலாளிக்கு அந்தத் தெரிவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது படித்த நம்முடைய கடமை.